அத்தை பாதியில் விட்ட ஏழு துணிகள்

என் வயதுக்காரிகளே, உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்து காட்டச் சொல்ல மாட்டேன். அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் மஞ்சளாகிப்போன மேட்டி துணி, துருப்பிடித்த ஊசி, சிக்கு விழுந்த நூல், உடம்பு பாதியோடு நிற்கிற ஒரு கிளி. ஒன்பதாம் வகுப்பு லீவில் ஆரம்பித்தது. கல்யாணமாகிப் போகும்போதும் 'அங்க போய் முடிச்சுக்கலாம்' என்று தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். முடித்திருக்க மாட்டீர்கள். நமக்குத் தலைக்கு டை அடிக்கிற வயசு வந்துவிட்டது, கிளிக்கு இன்னும் வால் வந்தபாடில்லை.

வெட்கப்பட வேண்டாம், நான் குறை சொல்ல வரவில்லை. பாதியில் நிற்கிற துணியைப் பார்த்ததும் 'சோம்பேறி' என்று முத்திரை குத்துகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை. அந்தச் சண்டை என் பன்னிரண்டாவது வயதில், விருத்தாசலத்தில், ஒரு கோடை லீவில் ஆரம்பித்தது. முதல் சண்டையே என் அம்மாவோடு.

எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பாவுக்குப் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை. அத்தைக்கு எங்கள் தெருக்கோடியில் இருந்த இன்னொரு கம்பெனியில் பொம்மைக்குக் கண் வைக்கிற வேலை. எங்கள் தெருவில் காது உடைந்த கப்பு இல்லாத வீடு கிடையாது. உப்பு, புளி, ஊசி, பட்டன் எல்லாம் அதில்தான் கிடக்கும். கம்பெனி விட்டு வருகிறவர்களின் காலில் முழங்கால் வரைக்கும் வெள்ளை மண் அப்பியிருக்கும். அத்தை மட்டும் கை கால் கழுவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டுதான் கம்பெனி கேட்டைத் தாண்டுவாள்.

அத்தைக்கு இருபத்தேழு வயது. அந்த நாளில், எங்கள் பக்கத்தில், அது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பெருமூச்சு விடுகிற வயது.

அவளுடைய துணிகள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. மொத்தம் ஏழு. மேட்டி துணி உங்களுக்குத் தெரியும், கட்டம் கட்டமாக ஓட்டை இருக்கும். டிசைன் புத்தகத்தைப் பார்த்து, ஓட்டையை எண்ணி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அத்தை எண்ணிக்கையில் தப்பவே மாட்டாள். ஆனால் ஏழில் ஒன்றுகூட முடியவில்லை. அப்பா அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார். பெண்ணாடம் ரோஜா, உளுந்தூர்பேட்டை மயில், கள்ளக்குறிச்சி திராட்சை, சேத்தியாத்தோப்பு நாய்க்குட்டி. புகைபோக்கி வைத்து, கூரை மேல் பனி கொட்டிக்கிடக்கிற ஒரு வெள்ளைக்காரன் வீடு உண்டு. அதற்கு நெய்வேலி பங்களா என்று பெயர். எந்த ஊர் மாப்பிள்ளை வீட்டார் வந்து போனபோது துணி நின்றதோ, அந்த ஊர்ப் பெயர்.

இதற்குக் காரணம் உளுந்தூர்பேட்டைக்காரர்கள்தான். முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் அவர்கள். தலையணை உறையைக் காட்டி 'பொண்ணு போட்டது' என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடையிலயும் இதே மாரி விக்கிறாங்களே" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. உள்ளே ஓடிப்போய் வளையத்தில் மாட்டியிருந்த மயிலைக் கொண்டுவந்து, "எதிர்லயே போடுவா பாருங்க" என்று அத்தையின் மடியில் வைத்தாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. கேசரி, பஜ்ஜி, காபி, அப்புறம் பத்துத் தையல். ஒரு சம்பந்தக்காரர் பார்த்துவிட்டு ஆகாமல் போன துணியை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது என்றும் அம்மா சட்டம் போட்டாள். பெண் பார்த்த அன்று கட்டிய புடவையையே மறுபடி கட்டவிடாதவள், துணியை விடுவாளா? ஒவ்வொரு முறையும் புதுத் துணி வந்தது. பழையது பெட்டிக்குப் போனது.

ஆக, துணி சேர்ந்ததற்கு அம்மாதான் காரணம். ஆனால் முடிக்கவில்லை என்று திட்டுவதும் அம்மாதான். "ஒழிஞ்ச நேரத்துல எடுத்து முடிச்சா என்னாடி? பொட்டியத் தொறந்தாலே எனக்குப் பகீருங்குது" என்பாள். அத்தை எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள். வந்தவர்கள் வேண்டாமென்று சொன்ன வருத்தத்தில் விட்டுவிட்டாள் என்று அப்பா நினைத்தார். சோம்பல் என்று அம்மா நினைத்தாள். நானும் அம்மா கட்சிதான் அப்போது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் கல்யாணத் தரகர் வந்தார். மோர் குடித்துவிட்டு, மெதுவாக விஷயத்தை இறக்கினார். "உங்க பொண்ணு எதையும் பாதியில வுட்டுடும்னு வெளில பேசிக்கிறாங்க. பொட்டி நெறைய அரைகுறையாத் துணி கெடக்குதாமே?" தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் போன பிறகு அம்மா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தைக்கு அம்மா இல்லை. "தாயில்லாத பொண்ண அண்ணிக்காரி சரியா வளக்கலன்னு ஊரே என்னைத்தான் காறித் துப்பும்" என்பது அம்மாவின் நிரந்தர பயம்.

அன்று சாயங்காலம் பெட்டி வெளியே வந்தது. ஏழு துணியும் பாயில் விரிந்தன.

"இந்த லீவு முடியறதுக்குள்ள ஏழையும் முடிச்சு, பிரேம் போட்டு, இந்தச் சொவத்துல மாட்டணும். எவ வந்து பாதின்னு சொல்றான்னு பாக்கறேன்" என்றாள் அம்மா.

"ஆகாம போன துணிய காட்டக்கூடாதுன்ன?" என்று அப்பா சிரித்தார்.

"முடிச்சிட்டா தோஷமெல்லாம் போயிடும். நீங்க சும்மா இருங்க."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "முடிச்சுக்கோங்க அண்ணி. நான் தொட மாட்டேன்."

"நீ தொட வேணாம். இவ முடிப்பா" என்று அம்மா என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். என் லீவு அந்த இடத்தில் முடிந்தது.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் நான் முதல் வரிசைக்காரி. ஏழு என்ன, பத்தே முடித்துக் காட்டுகிறேன் என்று கள்ளக்குறிச்சி திராட்சையைக் கையில் எடுத்தேன். வாசலுக்கு நேரே பாய் போட்டு உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக விழும். கரண்டு போனாலும் கவலையில்லை. தூரத்தில் ஜங்ஷன் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ரயில் நம்பர் சொல்லிக்கொண்டே இருக்கும், நான் ஓட்டை எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒரு வாரத்தில் கீழ்க்கொத்து முடிந்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வளையத்தைக் கழற்றித் துணியை வாசலில் விரித்த அன்றைக்குத்தான் பார்த்தேன். மேல்கொத்து பளபளவென்று இருந்தது. நான் போட்ட கீழ்க்கொத்து மங்கலாக, வேறு கடையில் வாங்கிய நூல் மாதிரி இருந்தது. நூல் அதே நூல்தான். துணியைத் தலைகீழாகத் திருப்பினேன், அப்படியேதான் இருந்தது. பக்கவாட்டில் திருப்பினால் என்னுடையது பளபளத்தது, அத்தையுடையது மங்கியது. அழுகை வந்தது. பிரித்துவிட்டு மறுபடி போடலாம் என்று பிளேடை எடுத்து, அவசரத்தில் நூலோடு துணியையும் சேர்த்து அறுத்துவிட்டேன். ஒரு ரூபாய் அளவு ஓட்டை. அந்தத் திராட்சை பிற்பாடு டி.வி. மேல் கிடந்தது, ஓட்டையை மறைக்க அதன்மேல் ஒரு பீங்கான் வாத்து உட்கார்ந்தது.

விடவில்லை நான். அடுத்ததாக ரோஜாவை எடுத்தேன். ஊசி குத்துவதற்கு முன் இந்த முறை துணியை நன்றாகப் பார்த்தேன். அத்தை போட்டு நிறுத்திய இடத்தில், கடைசி ஓரத்தில், சின்னதாக ஒரு திட்டு மங்கலாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு தையல் இருக்கும். நூல் இறுக்கமாக, கோணல்மாணலாக இழுத்திருந்தது. மயிலை எடுத்தேன். அதிலும் திட்டு. நாய்க்குட்டியின் காதில் திட்டு, பங்களாவின் கதவில் திட்டு. ஏழிலும் ஒன்று. அதற்கு மேல் ஒரு தையல்கூட இல்லை. ஒவ்வொரு துணியும் அந்தத் திட்டோடு நின்றுபோயிருந்தது.

அன்று மதியம் அத்தைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வழக்கமாக வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். அன்று அவர் உள்ளே போகச் சொல்லிவிட்டார். கொட்டகையில் நீள பெஞ்சு, பெஞ்சு நிறையக் கண் இல்லாத பொம்மைகள். அத்தை வலது கையால் ஒரு பொம்மையைப் பிடித்துத் திருப்புவாள், இடது கையில் தூரிகை. ஒரு புள்ளி, ஒரு வளைவு, முடிந்தது. அடுத்த பொம்மை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அத்தை இரண்டு முடித்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்த மேஸ்திரி, "உங்க அத்த மாரி இங்க ஆளு கெடையாது" என்றார்.

அத்தை இடது கைக்காரி என்பது எனக்கு எப்போதும் தெரியும். சோற்றுக்கை பீச்சாங்கை என்று அம்மா தினமும் அவளோடு மல்லுக்கட்டுவாள். சாப்பாட்டை மட்டும் வலது கைக்கு மாற்றி வைத்திருந்தாள். வெளியாட்கள் வந்தால் அத்தை எல்லாவற்றையும் வலது கையில் செய்ய வேண்டும். மறந்துவிட்டால் அம்மா தொண்டையைக் கனைப்பாள். அத்தை சட்டென்று கை மாற்றிக்கொள்வாள். இது எங்கள் வீட்டில் காற்று, தண்ணீர் மாதிரி பழகிப்போன விஷயம். அதனால்தான் கண்ணுக்கு முன்னால் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து ஒரு துண்டுத் துணியில் வலது கையால் நாலு தையல் போட்டேன். மேலே வரும் நூல் ஒரு பக்கம் சாய்ந்தது. இடது கையால் தட்டுத்தடுமாறி நாலு போட்டேன். எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வெயிலில் பிடித்தேன். ஒன்று பளபளப்பு, ஒன்று மங்கல். இடது கை போட்டது ரோஜா. வலது கை போட்டது திட்டு.

கம்பெனி விட்டு வந்த அத்தையைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துப் போனேன். துண்டுத் துணியைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள்.

"பிரிச்சுட்டு மறுபடி போட வேண்டியதுதான அத்த? பத்துத் தையல்தான?"

"பிரிச்சா? அடுத்து ஒருத்தங்க வருவாங்க, உங்கம்மா கனைப்பாங்க, மறுபடி அதே மாரிதான். அது என் கை இல்ல பாப்பா. அதப் பாத்தாலே எனக்கு அந்தத் துணி வேணாம்னு ஆயிடுது."

"சோத்துக்கையிலயே சாய்வ மாத்திப் போட்டா தெரியாதே?"

"அத்தினி பேரு உத்துப் பாக்கச்சொல்ல கை எங்கப் போவுதுன்னு எனக்கே தெரியாது. நீ வேற." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கல்யாணம் வேணாம்னுலாம் இல்ல. எனக்கும் ஆசதான். போற வூட்டுல ஆயுசுக்கும் வேற ஒருத்தி கையால வாழணுமேன்னுதான் பயமா இருக்குது. தாலி ஏறிட்டா யாரு கேக்கப்போறாங்கன்னு உங்கம்மா சொல்றாங்க. ஏறுனப்பறம் தெரிஞ்சா என்னைத்தான கேப்பாங்க?"

இந்தப் பேச்சை அத்தைக்கு நினைவுபடுத்தலாம் என்று போன மாதம் போன் செய்தேன். "எந்தத் துணிடி?" என்றாள். நிஜமாகவே மறந்துவிட்டாள். பக்கத்தில் மாமா எதற்கோ சிரிப்பது கேட்டது. எனக்கு மட்டும் ஏழு துணியும் எந்தெந்த இடத்தில் நின்றன என்பதுகூட மறக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எனக்குப் பயங்கரக் கோபம். "அத்த சோம்பேறி இல்ல. நீதான் கனச்சிக் கனச்சி கெடுத்த" என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள். "வாய மூடு. பெரிய மனுஷி இவ. எல்லாம் அவ நல்லதுக்குத்தான்." அடி விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை அத்தை வேலைக்குப் போன பிறகு, வாசல் வெயிலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் மயில். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். பெட்டியில் இருந்து அடுத்ததை எடுத்துவந்து திருப்பினாள். ஏழையும் அப்படிப் பார்த்தாள். எதையோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு எத்தனை தடவை கனைத்தோம் என்று நினைத்துப் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அத்தை மேல் அம்மாவுக்குப் பாசம் இல்லையென்று யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். பாசம்தான் அப்படிக் கனைத்தது.

பிறகு கழுத்துச் சங்கிலியில் இருந்த ஊக்கைக் கழற்றி, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து, ரோஜாவின் திட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான் உதவிக்குப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இது நான் போட வெச்சது. நானே பிரிக்கறேன். உன் பிளேடத் தூக்கிக்கிட்டு அப்பால போ."

பிரிப்பது போடுவதைவிடக் கஷ்டமான வேலை. இழை இழையாக எடுக்க வேண்டும், ஓட்டை பெரிதாகக் கூடாது. அம்மா மூன்று நாள் அதில் கிடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, குழம்பு தீய்ந்தது. திராட்சையைத் தவிர்த்து ஆறையும் சுத்தம் செய்து, நீவிவிட்டு, அத்தையின் தலைமாட்டில் அடுக்கிவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை மயிலை எடுத்து வளையத்தில் மாட்டுவதை நானும் அம்மாவும் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தோம். மே மாதம் முடிவதற்குள் மயில், ரோஜா, நாய்க்குட்டி மூன்றும் சுவரில் ஏறிவிட்டன.

ஜூன் முதல் வாரம் திட்டக்குடிப் பக்கத்தில் இருந்து வருவதாகத் தரகர் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளைக்கு வயக்காடு உண்டு, மோட்டார் ரிப்பேர் கடையும் உண்டு. நல்ல இடம் என்று அப்பாவே சந்தோஷப்பட்டார். வழக்கம்போலப் புதுத் துணி வந்தது, அன்னப்பறவை ஜோடி. ஒன்று முழுதாகவும் இன்னொன்று கழுத்து வரைக்கும் அத்தை போட்டுவைத்திருந்தாள்.

முந்தின நாள் சாயங்காலம், முறத்தில் ரவையைப் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அத்தை நேராகவே கேட்டாள்.

"அண்ணி, நாளைக்கு எந்தக் கையில போடட்டும்?"

அம்மா நிமிரவில்லை. "முந்திரி பத்தாது போலருக்குது. பாப்பா, கடைக்கு ஓடு" என்றாள். எனக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. கேசரி நன்றாக இருக்கிறது என்றார், என் சடையைத் தொட்டுப் பார்த்தார். சுவரைக் காட்டி, "இதெல்லாம் பொண்ணு போட்டதா?" என்றார்.

"ஆமாங்க. மொத்தமும் அவதான்" என்றாள் அம்மா.

"ரெண்டு தையல் போட்டுக் காட்டு கண்ணு. ஆசையா இருக்குது."

அத்தை பாயில் உட்கார்ந்தாள். வளையத்தை மடியில் வைத்தாள். ஊசி வலது கையில்தான் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அதை இடது கைக்கு மாற்றினாள். நான் அன்னத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு முறை ஏறி இறங்கியது. சத்தம் வரவில்லை.

அத்தையின் கை ஓட ஆரம்பித்தது. கம்பெனியில் பார்த்த அதே ஓட்டம். ஒன்று, இரண்டு, பத்து, பதினைந்து. காபி டம்ளர்கள் அப்படியே நின்றன.

"என்னாங்க, பொண்ணு பீச்சாங்கையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "சாப்புடறது சோத்துக்கையில. மத்ததெல்லாம் இந்தக் கையிலதான். பொறந்ததுலேருந்தே அப்பிடித்தான். இதுக்கு முன்ன வந்தவங்க கிட்டல்லாம் நான்தான் மறைக்கச் சொன்னேன். தப்புதான். இனிமே மறைக்க மாட்டேன்."

"அதுக்கில்லீங்க. வெளக்கேத்தற கை, நாலு பேருக்குப் பரிமாறற கை…" அவர் முடிக்கவில்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார், கூட வந்திருந்த அவருடைய தாய்மாமன் தொடையில் கை வைத்து நிறுத்தினார். எல்லோரும் எழுந்தார்கள்.

"சொல்லி அனுப்பறோம்."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏழு முறை கேட்டிருக்கிறோம். ஏழு முறையும் அந்த வார்த்தை வந்ததும் அத்தை ஊசியைத் துணியில் குத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அப்பா அவர்களோடு வாசல் வரைக்கும் போனார். ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது. அத்தை எழுந்திருக்கவில்லை. இரண்டாவது அன்னத்துக்குக் கழுத்து முடிந்து அலகுக்கு வந்திருந்தாள். நான் துணியை எட்டிப் பார்த்தேன். எங்கும் திட்டு இல்லை.

"பாப்பா, ஆரஞ்சு நூலு எடு" என்றாள், தலை நிமிராமல்.

நான் நூலைத் தேடுவதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். அளவாக வெட்டி, இழை பிரித்து, இன்னொரு ஊசியில் கோத்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது கையில் கொடுத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அன்னம் முடிந்துவிட்டது.